ஐடா அம்மையார் கல்லூரிக்குள் ஆண்கள் வந்த கதை

நாடு விடுதலை பெற்ற 1947இல் வேலூரில் இன்னொரு காரியமும் நடந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பெண்கள் மட்டுமே படித்துவந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) முதன்முறையாக ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ‘சி.எம்.சி.க்கு எப்படிப் போவது’ என்று கேட்பவர்களுக்கு, அது பெண்களுக்காகப் பெண்கள் காசு சேர்த்துக் கட்டிய கல்லூரி என்று தெரிய நியாயமில்லை. வேலூரில் பிறந்து வளர்ந்தவர்களிலும் பலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் அம்மா. ஐம்பதுகளில் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி பெற்றவர். கல்லூரியின் பழைய கதைகளை மூத்த சிஸ்டர்மார் சொல்லக் கேட்டு, எங்களுக்குச் சோறு போடும்போது சொல்லுவார். பிறகு நான் வரலாறு படித்து, ஒரு மகளிர் கல்லூரியில் அதையே கற்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது எங்கள் மாவட்டத்தில் மகளிர் கல்லூரிகளை இருபாலர் கல்லூரிகளாக மாற்றலாமா என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. கலைப் பிரிவுகளில் இடம் காலியாகக் கிடக்கிறது, பையன்களையும் சேர்த்தால் நிரம்பிவிடும் என்கிறார்கள். பேசுகிறவர்கள் எவரும் பக்கத்திலேயே இருக்கும் வேலூரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தப் பழைய கதையை எடுக்கிறேன்.

கதை வேலூருக்கு முன்பே மதராஸில் தொடங்குகிறது. 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது மருத்துவத் துறையின் தலைவராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் இதற்குத் துணை நின்றார். எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போன பெண்களைப் பட்டம் தராமல் விரட்டியடித்து அப்போது சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் மூடிய கதவைக் காலனி நாட்டுக் கல்லூரி ஒன்று திறந்தது. ஆக, நம் ஊரில் பெண் மருத்துவக் கல்வி ஆண்களோடு சேர்ந்து படிப்பதில்தான் ஆரம்பித்தது. ஷார்லீப் பின்னர் லண்டன் சென்று, அங்கே பெண்களுக்கென்றே தொடங்கியிருந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார்.

பிறகு ஏன் தனிக் கல்லூரி? கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதவில்லை. உள்ளே வர மகளை அனுப்பியவர்கள் மிகச் சிலரே. 1904இல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில், பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று அறியப்பட்ட முத்துலட்சுமி சேர விண்ணப்பித்தபோது எழுந்த எதிர்ப்பை அவரே பதிவு செய்திருக்கிறார். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்ட பிறகுதான் அந்த ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது. ஒரு மன்னரும், மகளைப் படிக்க வைத்தே தீருவேன் என்ற ஒரு தகப்பனும் ஒன்றாக வாய்த்தால்தான் ஒரு முத்துலட்சுமி வரமுடியும் என்பது அன்றைய நிலை. 1912இல் அவர் மதராஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை எதுவும் நிற்கவில்லை.

இந்த இடைவெளியைத்தான் ஐடா ஸ்கடர் கண்டார். அவர் எங்கள் ராணிப்பேட்டையில் 1870 டிசம்பரில் பிறந்தவர். பாட்டனார் காலம் தொட்டு மிஷனரி மருத்துவக் குடும்பம். 1890 வாக்கில் திண்டிவனத்தில் தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற அவரை அழைத்த கதையை வேலூரில் எல்லாரும் சொல்வார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் மேல்சாதி இந்து. அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள் என்றார் ஐடா. ஆண் தொடுவதற்குச் சம்மதியாமல் மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். 

இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று பலர் வாயில் வருவதில்லை. மருத்துவம் படிக்க அமெரிக்கா போன ஐடா முதலில் சேர்ந்தது பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில். நம் ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்ற அதே கல்லூரி அது. கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் ஐடா அங்கே மாறிக்கொண்டு 1899இல் பட்டம் வாங்கினார். பெண்கள் கல்லூரி, இருபாலர் கல்லூரி இரண்டின் பெஞ்சிலும் உட்கார்ந்தவர். தனக்கென்று வந்தபோது இருபாலர் கல்லூரியைத் தேர்ந்தவர், ஊர் திரும்பி பெண்களுக்கென்று மட்டும் ஒரு பள்ளியைக் கட்டினார் என்றால் அதற்குக் கொள்கைப் பிடிவாதம் காரணமாக இருக்க முடியாது. வட ஆற்காட்டு மண்ணில் எது நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1900இல் வேலூரில் ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தன் மனைவி மேரி டேபர் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. குடியாத்தம் சாலையில் காரில் போய் மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1909இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்தது. 1918 ஆகஸ்டில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். மாகாண மருத்துவத் துறைத் தலைவர், மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்றாராம். வந்த விண்ணப்பங்களில் பலவற்றைத் திருப்பி அனுப்பவேண்டியிருந்தது. முதல் அணி மாணவிகள் இருபதைத் தாண்டவில்லை. முதல் தேர்வில் அத்தனை பேரும் தேறினார்கள், ஆண்கள் படித்த பள்ளிகளில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார் என்று என் அம்மா சொல்லும்போது, தானே எழுதித் தேறியது போலக் குரல் உயரும்.

அது எல்.எம்.பி. படிப்பு. உரிமம் பெற்ற மருத்துவர் ஆகலாம், பட்டதாரி ஆக முடியாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு படி கீழே. ஆண்களுக்கும் எல்.எம்.பி. பள்ளிகள் இருந்தன. ஆனால் பட்டப்படிப்பு வேண்டும் என்று ஒரு பெண் நினைத்தால் மதராஸுக்குப் போய் ஆண்களோடு உட்கார வேண்டும், அல்லது 1916இல் தொடங்கிய டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரிக்கு ரயிலேற வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுவே அச்சு.

அடுத்தது பணம். அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற அம்மையார் ஆசியாவின் ஏழு கிறித்தவ மகளிர் கல்லூரிகளுக்காக நிதி திரட்டினார். வேலூர் அதில் ஒன்று, மதராஸ் மகளிர் கிறித்தவக் கல்லூரி இன்னொன்று. நீங்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்று ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறநிதி ஒன்று நிபந்தனை போட்டது. தேவாலயப் பெண்கள் ஆளுக்கு ஒரு டாலர் என்று கேட்டுக் கேட்டு, 1923 தொடக்கத்துக்குள் அந்தத் தொகையைச் சேர்த்துவிட்டார்கள். வேலூர் தோட்டப்பாளையத்தில் எழுந்த புதிய ஆஸ்பத்திரியிலும், 1932இல் பாகாயத்தில் திறக்கப்பட்ட கல்லூரி வளாகத்திலும் அந்தச் சில்லறைக் காசு இருக்கிறது. முகம் பார்த்திராத பெண்கள், முகம் பார்த்திராத பெண்களுக்காகக் கொடுத்தது.

1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. சுகாதார அமைச்சர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். இனி எல்.எம்.பி. வேண்டாம், மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று 1938இல் அரசு முடிவெடுத்தது. கிராமத்து நோயாளிக்கு அரைகுறை மருத்துவர் போதும் என்ற பழைய எண்ணத்தை உடைத்த முடிவு அது. அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் வேலூருக்குப் பேரிடி. ஒன்று, பல்கலைக்கழகம் கேட்கும் அளவுக்குப் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் எல்லாம் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் மூட வேண்டும். அத்தனை பணமும் ஆளும் பெண்கள் மிஷன் சங்கங்களிடம் மட்டும் இல்லை.

இதே காலத்தில் இந்தியக் கிறித்தவ மருத்துவச் சங்கம் ஆண், பெண் இருபாலருக்குமான ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியை எங்கே கட்டலாம் என்று இடம் தேடிக்கொண்டிருந்தது. புதிதாகக் கட்டுவானேன், வேலூரையே உயர்த்தினால் என்ன என்ற யோசனை எழுந்தது. பணம் வரும், பேராசிரியர்கள் வருவார்கள், ஆண்களும் வருவார்கள்.

லூசி பீபாடி கொதித்துப்போனார். பெண்களுக்கென்று சொல்லித்தானே வீடுவீடாகக் கேட்டு வாங்கினோம், இப்போது ஆண்களுக்கு எடுத்துக் கொடுப்பது கொடுத்தவர்களை ஏமாற்றுவதாகாதா என்பது அவர் கேள்வி. ஆண்கள் வந்தால் நாளடைவில் பொறுப்புகளும் இடங்களும் அவர்கள் கைக்குப் போகும் என்ற அச்சமும் இருந்தது. ஐடா முதலில் தயங்கினார், பிறகு சம்மதித்தார். ஆண்டுக்கணக்கான நட்பு அதில் முறிந்தது. எழுபது வயதைத் தாண்டியிருந்த ஐடா போர்க்காலத்தில் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பணம் திரட்டினார். 1942இல் மதராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.பி.எஸ். வகுப்பு பெண்களுக்கு மட்டுமாகத் தொடங்கியது. 1947இல் ஆண்கள் வந்தார்கள்.

இந்தச் சண்டையைப் படிக்கும்போதெல்லாம் நான் இரு பக்கமும் ஊசலாடியதில்லை. ஐடா செய்தது சரி. பீபாடி அஞ்சியதும் சரி.

ஐடா செய்தது ஏன் சரி? கதவைத் திறந்ததற்கு ஈடாக வேலூர்ப் பெண்ணுக்கு ஒன்று கிடைத்தது. எல்.எம்.பி. என்ற கீழ்ப்படியில் நின்றவள் எம்.பி.பி.எஸ். என்ற மேல்படிக்கு ஏறினாள். மறுத்திருந்தால் பெண்கள் கல்லூரி என்ற பெயர் மட்டும் மிஞ்சி, படிக்க ஒன்றும் இல்லாமல் போயிருக்கும். அதன் பிறகு வந்ததை ஊரறியும். தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு பால் பிராண்ட் செய்த சீரமைப்பு அறுவை சிகிச்சை, 1961இல் நாட்டின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை, 1971இல் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று என்று வேலூர் பெயர் வாங்கியது. அங்கே எம்.பி.பி.எஸ். படித்த ககன்தீப் காங் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பணிபுரியும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. 

பீபாடி அஞ்சியது ஏன் சரி? ஆண்கள் வந்த காலத்தை ஒட்டிக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றவர் விசாகப்பட்டினத்தில் பிறந்து மதராஸில் மருத்துவம் படித்த டாக்டர் ஹில்டா லாசரஸ். கல்லூரியின் முதல் இந்தியத் தலைமையும் அவரே. அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் நிறுவி, பெண்கள் நடத்தி, பெண்கள் காசில் எழுந்த இடத்தில் இப்படி நடந்திருக்கிறது. எவரும் சதி செய்யவில்லை. காலப்போக்கில் தானாக நடப்பது இதுதான். தடுக்க வேண்டும் என்று நினைத்தால், கதவைத் திறக்கும் நாளிலேயே எழுத்தில் வைத்துத் தடுக்க வேண்டும்.

வேலூர் தனியாக இந்த வழியில் போகவில்லை. ஷார்லீப் படித்த லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியும் அதே 1947இல்தான் ஆண்களைச் சேர்த்தது. அரசு மானியம் வேண்டுமானால் இருபாலரையும் சேர்க்க வேண்டும் என்ற நிலை அங்கே உருவாகியிருந்தது. எடித் பிரவுன் 1894இல் லூதியானாவில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி, பட்டப்படிப்பாக உயர்ந்த 1950களின் தொடக்கத்தில் இருபாலர் கல்லூரியானது. ஐடா முதலில் படித்த பிலடெல்பியா கல்லூரியும் எழுபதை ஒட்டி ஆண்களைச் சேர்த்துக்கொண்டு, பெயரிலிருந்த ‘பெண்கள்’ என்பதையும் எடுத்துவிட்டது. லேடி ஹார்டிஞ்ச் மட்டும் எம்.பி.பி.எஸ். படிப்பை இன்றுவரை பெண்களுக்கே வைத்திருக்கிறது. அது இன்று அரசுக் கல்லூரி. பணத்துக்கு யார் வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. பீபாடியின் அதே நிதியில் பங்கு பெற்ற மதராஸ் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் நுங்கம்பாக்கத்தில் மகளிர் கல்லூரியாகவே நூறாண்டு கடந்துவிட்டது. கலை, அறிவியல் கல்லூரிக்கு ஆஸ்பத்திரிச் செலவு இல்லை என்பது எளிய காரணம்.

இனி எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு வருகிறேன். நான் பி.ஏ. படித்தது காட்பாடியில் ஒரு மகளிர் கல்லூரியில். எம்.ஏ. படித்தது மதராஸில் இருபாலர் கல்லூரியில். முதல் இடத்தில் ஆண்டு விழா என்றால் மைக் செட்காரரிடம் பேரம் பேசுவது முதல் திரை கட்டுவது, கணக்கு ஒப்படைப்பது வரை நாங்களே. இரண்டாவது இடத்தில் எங்களுக்கு வரவேற்புத் தட்டும் கோலமும். மைக்கும் கணக்கும் பையன்களுக்கு. யாரும் எங்களைத் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அதே சமயம், விவாதிக்கவும் எதிர்த்துப் பேசவும் நான் கற்றது அந்த இரண்டாவது இடத்தில்தான். மகளிர் கல்லூரி விடுதியில் மாலை ஆறு மணிக்கு கேட் பூட்டிவிடும். வீட்டிலிருந்து வரும் கடிதத்தையும் வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். மகளிர் கல்லூரி என்றாலே விடுதலை என்று பாட நான் தயாரில்லை.

ஆனால் நான் பாடம் நடத்திய வகுப்பில் உட்கார்ந்த பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்துப் பெண்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அப்பா தோல் ஷாப்பில் கூலி, அம்மா பீடி சுற்றுபவர். சேர்க்கை நாளில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எந்தப் பாடம் என்பது அல்ல. “பொட்டப் புள்ளைங்க மட்டும்தானேம்மா?” என்பதுதான். ஆம் என்றால் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கேள்வி பிற்போக்கானதுதான். அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல ஓர் இடம் இருந்ததால் எத்தனையோ பெண்கள் ஆசிரியை ஆனார்கள், வங்கியில் உட்கார்ந்தார்கள், தங்கள் மகள்களை இருபாலர் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பினார்கள். தாய்க்கு மகளிர் கல்லூரி, மகளுக்கு எந்தக் கல்லூரியும் என்பதுதான் எங்கள் மாவட்டத்தில் நடந்த உண்மையான வரலாறு.

இன்று உயர்கல்விக்குப் போகும் விகிதத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆண்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இனி மகளிர் கல்லூரி எதற்கு என்று கேட்பவர்கள் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். விகிதம் மேலே போனதே அந்தக் கல்லூரிகளால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஏறியாகிவிட்டது, ஏணி எதற்கு என்று கேட்பவர்கள், கீழே இன்னும் ஆள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மகளிர் கல்லூரி நிர்வாகத்தார் பழைய ஆசிரியைகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். காலி இடங்களின் கணக்கை விரித்துக் காட்டினார்கள். பையன்கள் வந்தால் கட்டணம் எவ்வளவு கூடும் என்றும் காட்டினார்கள். மாணவிக்கு என்ன கூடும் என்ற பத்தி அந்தத் தாளில் இல்லை. நான் வேலூர்க் கதையைச் சொன்னேன். அங்கேயும் பணம்தான் தள்ளியது. ஆனால் தள்ளிய இடத்தில் பெண்ணுக்கு ஒரு பட்டம் காத்திருந்தது. இங்கே என்ன காத்திருக்கிறது? புதிய பாடமா, புதிய ஆய்வுக்கூடமா, வேலைக்கான பயிற்சியா? எதுவும் இல்லை, இருக்கும் வகுப்பில் காலி பெஞ்சு நிரம்பும், அவ்வளவுதான் என்றால், அதற்காகக் கதவைத் திறக்கக் கூடாது. ஆளில்லாத பாடத்தை மூடிவிட்டு, பெண்கள் கேட்கும் பாடத்தைக் கொண்டுவருவதே அந்தக் காலியிடத்துக்கு மருந்து.

கட்டாயம் திறந்தே ஆகவேண்டிய நாள் ஒரு கல்லூரிக்கு வரலாம். வந்தால் திறக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் திறப்பதற்கு முன் மூன்று நிபந்தனைகளை அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். இடங்களில் பாதிக்குக் குறையாமல் என்றும் பெண்களுக்கு. முதல்வர் பொறுப்பும் ஆட்சிக்குழுவில் பெரும்பான்மையும் பெண்களிடம். பெண்கள் பெயரில் கொடுத்த நிலமும் நிதியும் பெண்களின் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் மட்டும். வேலூரில் பீபாடி அம்மையார் கேட்ட கேள்வி இங்கேயும் நிற்கிறது. இன்று மாற்றம் கேட்கும் நிர்வாகங்கள் அதற்குப் பதிலை எழுதிக்கொண்டு வரட்டும். அதைப் படித்துப் பார்த்த பிறகு பேசுவோம்.